உடையப்பன் வாசலில் உட்கார்ந்த கொடும்பாவி

2024ஆம் ஆண்டு ஏப்ரல் இருபத்தோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தேர்தல் முடிந்த மூன்றாம் நாள், காலை பத்தேகால் மணிக்கு, மருதங்குறிச்சியில் மழை வேண்டித் தெருத்தெருவாக இழுத்து வரப்பட்ட வைக்கோல் பொம்மை, ஊர்த் தலைமைக்காரரான அம்பலகாரர் உடையப்பன் வீட்டு வாசலுக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்தது. கயிறு பிடித்திருந்த ஆறு பேரும் முதலில் கயிறு எதிலோ மாட்டிக்கொண்டதென்று நினைத்தார்கள். மார்பில் அடித்துக்கொண்டு பின்னால் வந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். பொம்மை காலை மடக்கி, கைகளை முழங்கால் மேல் வைத்து, வாசற்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. வெயில் அன்று நூற்று ஐந்து டிகிரி. பொம்மை அங்கே உட்கார்ந்ததை எழுதாமல் விட்டிருக்கலாம். நான்கு தலைமுறையாக ஒருவர்கூடப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாத குடும்பம் அது. ஆனால் ஊரே பார்த்துவிட்ட ஒன்றை மறைப்பது இன்னொரு கேவலம்.

மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பது சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் உள்ளதுதான். மழையை விரட்டிய மகாபாவி ஒருவன் ஊரில் இருக்கிறான், அவனை இழுத்துக்கொண்டு போய்க் கண்மாயில் வைத்து எரித்தால் மேகம் திரும்பும் என்பது நம்பிக்கை. மருதங்குறிச்சியில் மட்டும் கூடுதலாக ஒரு முறை உண்டு. பொம்மையைக் கட்டி முடித்ததும் அம்பலகாரர் குனிந்து, பாவி யார் என்று அதன் காதில் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த உரிமை உடையப்பன் குடும்பத்துக்கு மட்டுமே. 1983இல் அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் இருபத்தெட்டு வயது உடையப்பன் அதைச் செய்தார். புருசன் செத்த மூன்றாம் மாதமே தலையில் பூ வைத்துக்கொண்டாள் என்று அழகியின் பெயரைச் சொன்னார். காதில் சொன்னதை ஊர் கேட்கும்படியாகவே சொன்னார். பொம்மைக்கு அவள் சேலையைச் சுற்றி இழுத்தார்கள். பதினோராம் நாள் மழை பெய்தது. பன்னிரண்டாம் நாள் இருபத்திரண்டு வயது அழகி, ஒரு டிரங்குப் பெட்டியோடு, நனைந்துகொண்டே பஸ் ஏறிப் போனாள். அம்பலகாரர் வீட்டு வாக்கு பலித்தது என்று திருமயம் வரை பேசினார்கள். குடும்பத்துக்கு அது பெருமையாக இருந்தது.

அப்போதே கண்மாய்க்குள், தண்ணீர் நிற்கும் உள்வாயில் அந்தக் குடும்பத்தின் செங்கல் காளவாசல் எரிந்துகொண்டிருந்தது. சுற்றியுள்ள மூன்று ஊர்களில் பாதி வீடுகள் அந்தச் செங்கலில் நின்றவை. மண் கண்மாயிலிருந்து வந்தது. விறகு அய்யனார் கோயில் காட்டிலிருந்து வந்தது. சாமிக் காட்டில் பச்சை மரத்தை வெட்டக்கூடாது. தானாகக் காய்ந்ததை எடுத்துக்கொள்ளலாம், அதுவும் காட்டுக்குக் காவலான அம்பலகாரர் குடும்பம் மட்டும். நாற்பது ஆண்டுகளில் அந்தக் காட்டு மரங்கள் வேறெந்தக் காட்டு மரங்களைவிடவும் சீக்கிரமாகக் காய்ந்தன. கடைசி வீரை மரம் 2011இல் காய்ந்தது. அதன்பின் விறகு லாரியில் வந்தது. லாரி வராத நாட்களில் பழைய டயரைப் போட்டு எரித்தார்கள்.

2024இல் ஒருவர் பெயரைச் சொன்னால் கேஸ் ஆகிவிடும் என்று உடையப்பனுக்குத் தெரியும். எனவே திருமயத்தில் பூகோள டீச்சராக இருக்கும் தம்பி மகள் ரம்யாவிடம், மழை ஏன் தவறுகிறது, வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது என்று எழுதித் தரச் சொன்னார். அவள் ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் இயற்கைக் காரணங்கள், வலப்பக்கம் மனிதக் காரணங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். இடப்பக்கம் சூரியனின் ஏற்ற இறக்கம், எரிமலை, பூமியின் சாய்வு, சில வருடங்களுக்கு ஒருமுறை எல் நினோவால் கடல் சூடேறுவது என்று நான்கு வரிதான். வலப்பக்கம் தாள் போதாமல் பின்பக்கத்துக்கும் போயிருந்தது: நிலக்கரி, பெட்ரோல், டீசல், சிமெண்ட், காடழிப்பு, அதற்குக் கீழே காளவாசல் புகை. உடையப்பன் இடப்பக்கத்தைப் படித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார். பொம்மையின் காதில் "இயற்கை" என்று சொன்னார். அந்தப் பெயரோடுதான் அது மூன்று தெரு வந்து, நான்காம் தெருவில் அவர் வாசலில் உட்கார்ந்தது.

முதல் வாரம் அதை இழுத்துப் பார்த்தார்கள். டிராக்டர் கட்டியும் நகரவில்லை. தீ வைத்தார்கள், பற்றவில்லை. மாடுகள் அந்த வைக்கோலை முகர்ந்துவிட்டு நகர்ந்தன. எட்டாம் நாள் ஊர்க்கூட்டம் அந்த வாசலிலேயே நடந்தது. இயற்கை என்று மொத்தமாகச் சொன்னது போதாதோ என்னவோ, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று உடையப்பன் சொல்ல, ரம்யா தாளைப் பார்த்துப் படித்தாள். ஆறு பேர் கயிற்றை இழுத்தார்கள். சூரியன் என்றதும் பொம்மை ஒரு விரற்கடை நகர்ந்தது. பூமியின் சாய்வுக்கு அசையவே இல்லை. அது பல்லாயிரம் ஆண்டுகளில் நடக்கிற காரியம் என்று ரம்யா விளக்கினாள். எரிமலை என்றதும் இரண்டு விரற்கடை வீட்டை நோக்கிப் பின்னால் போனது. இழுத்தவர்கள் பயந்தார்கள். எரிமலைச் சாம்பல் வெயிலை மறைத்து ஓரிரு வருடம் குளிர்ச்சிதான் தரும், அதனால் அது சரிதான் என்று ரம்யா சொன்னாள். கடல் சூட்டுக்கு ஒரு சாண். அதோடு இடப்பக்கம் முடிந்தது. பிறகு ஆளாளுக்கு அமெரிக்கா என்றார்கள், சீனா என்றார்கள், வடக்கே உள்ள அனல்மின் நிலையங்கள் என்றார்கள். பொம்மை தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அவங்க பேரும் இந்தப் பாவத்துல உண்டு பெரியப்பா, நம்மளவிடப் பெருசாவே உண்டு" என்றாள் ரம்யா. "ஆனா அத அவங்கதான் வந்து சொல்லணும் போல."

மார்பில் அடித்துப் பாடும் பெண்களில் மூத்தவள் இருளாயி, கூட்டத்தின் ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். "அம்பலம், ஊரான் பேரயெல்லாம் சொல்லிப் பாத்தாச்சு. அது ஒங்க வாசல்ல வந்து ஒக்காந்திருக்கு. ஒங்க பேர ஒருக்காச் சொல்லிப் பாருங்களேன், நாக்கா தேஞ்சிடும்?"

உடையப்பன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் முப்பது நாள் அவர் வெளியே வரவில்லை. அய்யனார் கோயிலில் முதல் மாலை வாங்குகிற கழுத்து அது; அதைக் குனியவைக்க ஒரு வைக்கோல் பொம்மை போதுமா என்று வீட்டாரிடம் கேட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் பொம்மையைத் தாண்ட மனமின்றிக் கொல்லைப் பக்கமாக வந்தார்கள். அந்த வீட்டுக்குக் கொல்லை வழியாகப் பத்திரிகை வந்தது அதுவே முதல் தடவை. பேரன் பேத்திகள் லீவுக்கு வரவில்லை. வேலைக்காரர்கள் காளவாசலில் நெருப்புப் போட்டால் புகை மேலே போகாமல், சாய்ந்து ஊருக்குள் வந்து, பொம்மையின் வைக்கோலுக்குள் புகுந்து தங்கியது. நாளாக நாளாகப் பொம்மை கறுத்தது. முப்பத்தைந்தாம் நாள் அதிலிருந்து ஒரு வாசம் கிளம்பித் தெரு முழுக்கப் பரவியது. விறகு எரித்துப் பழகிய ஊர். எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. பச்சை வீரை மரம் எரிகிற வாசம். காய்ந்த மரத்துக்கு அது கிடையாது. சாத்திய கதவுக்குள்ளும் அது போனது.

முப்பத்தெட்டாம் நாள் காலை, சலவை வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு உடையப்பன் வாசலுக்கு வந்தார். தோளில் போடும் துண்டை அவர் சாமி முன்னால் மட்டுமே இடுப்புக்கு இறக்குவார். தெரு கூடியது. அவர் பொம்மையின் காதுக்குக் குனியவில்லை, நின்றபடியே சொன்னார். தன் பெயரைச் சொன்னார். சாமிக் காட்டில் நிற்கிற பச்சை மரங்களின் பட்டையை அடியில் சுற்றிச் சீவிவிட்டு, இலை காயும்வரை மட்டும் காத்திருந்து வெட்டியதைச் சொன்னார். கண்மாய் மண்ணை மடைக்குக் கீழே ஆள் உயரம் தோண்டியதால் நிறைந்த வருடத்திலும் தண்ணீர் வயலுக்கு ஏறாததைச் சொன்னார். டயர் எரித்ததைச் சொன்னார். 1983இல் தன் காளவாசல் புகை ஊருக்கு மேலே நிற்கும்போது ஒரு பெண்ணின் தலையில் இருந்த பூவைக் காட்டியதைச் சொன்னார். குரல் உடையவில்லை. அந்தக் குடும்பத்துக் குரல் அப்படி.

பொம்மை எழுந்து நின்றது. தெருவில் நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனது. உடையப்பன் பின்னால் போனார். திருமயத்தில் பஸ் மாறினார்கள். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். அழுக்குப் படும் என்று பொம்மையைச் சீட்டில் உட்காரவிடவில்லை, அவ்வளவுதான். புதுக்கோட்டையில் பொம்மை இறங்கி நடந்த வழியே போனால், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், அழகி தையல் கடை வைத்திருந்தாள். அறுபத்து மூன்று வயது. தலையில் மல்லிகை இருந்தது. உடையப்பன் சொல்ல வந்ததைச் சொன்னார். அவள் மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். மடித்து வைத்த ஜாக்கெட்டுகளுக்கு நடுவே பொம்மை உட்கார இடம் ஒதுக்கினாள்.

"அன்னைக்கி பெஞ்ச மழைய நீங்க பெய்ய வச்சதாப் பேசுனாங்க" என்றாள் அழகி. "நானும் நாப்பது வருசம் அப்படித்தான் நெனச்சேன், அம்பலம். என்னய வெரட்டுனாத்தான் மழ வரும்னு நானே நம்பிக்கிட்டு இருந்தேன். அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அவள் ஊருக்கு வருவதாகவும் சொல்லவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போங்க என்றாள்.

ஊர் திரும்பியபோது பொம்மை வெறும் வைக்கோல் எடைக்கு வந்திருந்தது; ஒரு கையால் தூக்கலாம். மழை பெய்யவில்லை. கண்மாயில் வைத்து எரிக்கலாம் என்றார்கள்; ஊருக்கு மேலே இன்னொரு புகை வேண்டாம் என்று உடையப்பன் தடுத்தார். காளவாசலில் அதன்பின் நெருப்பு விழவில்லை. கோயில் மாலைக்கு அவர் போகவில்லை, யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. ஜூன் முதல் வாரத்தில் பொம்மை தானாகவே எழுந்து போய், இரண்டு போர்வெல் லாரி வைத்திருக்கும் ஆத்மநாதன் வாசலில் உட்கார்ந்தது. அவர் ஐந்து மாதம் கழித்துத் தன் பெயரைச் சொன்னார். பிறகு அது மரக்கடை சவரியப்பன் வீட்டுக்குப் போனது, பிறகு ஏசி போட்ட வீடுகள் இருக்கும் தெருவுக்கு. ரம்யாவின் ஸ்கூட்டி நிற்கிற வாசலில் ஒரே ஒரு பகல் இருந்தது.

இப்போது பொம்மை எந்த வீட்டுக்கு வந்தாலும் அந்த வீட்டார் உடையப்பனுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் போகிறார். முதலில் தன் பெயரையும் தான் செய்ததையும், ஒன்றும் விடாமல், மறுபடியும் சொல்கிறார். அதன்பின் அந்த வீட்டார் பேசுவது சுலபமாக இருக்கிறது என்கிறார்கள். சொல்லி முடிந்ததும் காபி கொடுக்கிறார்கள். பொம்மைக்கும் ஒரு டம்ளர் வைக்கிறார்கள். அது குடிப்பதில்லை. காபி ஆறும்வரை யாரும் அந்த டம்ளரை எடுப்பதும் இல்லை.