வலப்பக்கத்து அட்டை

லார்க்ஃபீல்ட் இல்லத்தில் எதற்கெடுத்தாலும் விருப்பம் கேட்பார்கள். அரசாங்க ஆய்வுக்கு வந்தவர்கள் போன வருஷம்கூட அதைத்தான் புகழ்ந்து தள்ளிவிட்டுப் போனார்கள். மூளை வளர்ச்சி குறைந்த ஏழு பேர் அங்கே இருந்தார்கள், எல்லாரும் நடுவயதைத் தாண்டியவர்கள். பேச வராதவர்களுக்குப் பட அட்டை. பணியாள் எதிரே உட்கார்ந்து கைக்கொன்றாக இரண்டு அட்டையைத் தூக்கிக் காட்டுவார். எதன்மேல் கை விழுகிறதோ அதுதான் தீர்ப்பு. அப்புறம் அந்த ராஜாவே வந்து சொன்னாலும் மாற்றமாட்டார்கள்.

பெவர்லிக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவனான அவள் தம்பி நெவில் சின்ன வயசில் இருந்தது ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கால்சட்டைக் குவியல், முரண்டு பிடித்தால் நாலு பேர் சேர்ந்து அமுக்குவார்கள். அதை இழுத்து மூடின புண்ணியவான்கள் நல்லா இருக்கட்டும் என்று அவள் அடிக்கடி சொல்வாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வாரமெல்லாம் உருளைக்கிழங்கு மசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தம்பியைப் பார்க்க வருவாள்.

அந்த ஞாயிறு நெவில் தன் கன்னத்தைத் தானே அறைந்துகொண்டிருந்தான். பிறவியிலேயே இடது கை மடங்கிப்போனவன். வலது கையால் பளார் பளார் என்று அறைந்தான். கிட்டே போனால் வாய் நாறியது.

"மெலனி, இவனுக்குப் பல்லு வலி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

இல்லத்தின் மேலாளர் மெலனி கெட்டவள் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஏழு பேருடைய பிறந்தநாளுக்கும் தன் கையாலேயே கேக் செய்கிறவள்.

"நாங்க கேக்காம இருப்போமா பெவ்? கேட்டாச்சு, வேண்டாம்னுட்டான். நீயே பாரு, கண்ணு." அவள் நெவில் எதிரே உட்கார்ந்தாள். ஒரு கையில் பல் டாக்டர் நாற்காலிப் படம், இன்னொன்றில் வீட்டு சோபாப் படம். நெவில் அறைவதை நிறுத்தி சோபாவின்மேல் கையை வைத்தான். "சபாஷ்டா நெவ்!" அவன் வீங்கின வாயோடு சிரித்தான்.

"அவனுக்கு என்ன தெரியும் மெலனி?"

"இதோ பாரு, மறுபடியும் சின்னப் பிள்ளையாக்குறே. அம்பது வயசு ஆம்பளை அவன். உன்னை யாராவது கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா விடுவியா?"

"அக்காக்காரி ரொம்பத்தான் தாங்குறா" என்று முன்பே இல்லத்துக் கூட்டம் ஒன்றில் பெவர்லி காதுபடச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து பேசாமல் பஸ் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு வந்தால் தாடை பன் மாதிரி வீங்கிக் கிடந்தது. உடம்பு கொதித்தது. அவன் அறைவதை 'நடத்தைக் கோளாறு' என்று முடிவு கட்டி, சாந்தப்படுத்த மாத்திரை வேறு கொடுத்திருந்தார்கள். மெலனி அட்டைகளை எடுத்தாள். "இன்னிக்கும் கேட்டோம் பெவ்..."

"இங்க கொடு, நான் கேக்கறேன்."

மெலனி பிடிப்பதுபோலவே பிடித்தாள். சோபாவின்மேல் கை விழுந்தது. என்ன தோன்றியதோ, அட்டைகளைக் கை மாற்றிப் பிடித்தாள். நாற்காலியின்மேல் விழுந்தது. திரும்பவும் மாற்றினாள். சோபா. கடைசியில் இரண்டையும் கீழே போட்டுவிட்டு, பையிலிருந்த பஸ் டிக்கெட்டை அவன் வலப்பக்கம் நீட்டினாள். அதையும் தொட்டுவிட்டு, சபாஷுக்காக அவள் முகத்தைப் பார்த்தான்.

நல்ல கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து அட்டை. அவ்வளவுதான். அதில் என்ன படம் இருந்தால் அவனுக்கென்ன!

"மெலனி, எந்த அட்டைய எந்தப் பக்கம் பிடிப்பீங்க?"

"பழகின விஷயம் அவங்களுக்கு வலப்பக்கம், புதுசு இடப்பக்கம். குழம்பக் கூடாதுன்னு பயிற்சியிலயே சொல்லித் தருவாங்க. எல்லாரும் அப்படித்தான்..." மெலனி பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

இந்த அட்டையில்தான் முன்பு கடற்கரைச் சுற்றுலா வேண்டாம் என்றானாம். நீச்சல் வேண்டாமாம், கண் பரிசோதனை வேண்டாமாம். அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு வரமாட்டேன் என்றானாம். பாவிப் பயலே, பெத்தவளை வழியனுப்பக்கூட உனக்கு மனசு வரலையே என்று அன்றைக்குக் கல்லறையில் தனியாக நின்று அவனைத் திட்டியிருந்தாள் பெவர்லி. கீழே கிடந்த அட்டைகளைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லு."

"அவனோட சம்மதம்..."

"சொல்லுடி!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒகாஃபோர் அவன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சீழ் கழுத்து வரைக்கும் இறங்கியிருக்கும்மா. ரத்தத்துலயும் விஷம் ஏறிடுச்சு. உடனே கீறி எடுக்கணும். பொழைக்கிறது பாதிக்குப் பாதிதான். அவருக்கு எப்படிச் சொன்னாப் புரியும்?"

"புரியாது. கேக்காதீங்க, செய்ங்க."

ஊசியைப் பார்த்ததும் நெவில் வெறி பிடித்தவனாக எழுந்தான். வாழ்நாளில் பேசாத தொண்டையிலிருந்து அப்படியொரு அலறல். கால்களை இரண்டு பேர் பிடித்தார்கள், தலையை ஒருத்தர். வலது கையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. அவன் அதை வீசிக்கொண்டே இருந்தான். பெவர்லி குனிந்து, தன் முழு பாரத்தையும் அந்தக் கைமேல் போட்டு அமுக்கினாள். "சரிடா, சரிடா, அக்காதான்டா." அவன் அவள் முகத்தையே பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். மயக்க மருந்து ஏறும்வரை ஆட்டினான்.

சீழைக் கீறி எடுத்த பிறகும் கண் விழிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் உயிர் போயிற்று.

வராந்தாவில் மெலனி அழுது அழுது மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தாள். "அவன் இஷ்டத்துக்கு விரோதமா நாங்க ஒண்ணுமே செஞ்சதில்லையே பெவ். சத்தியமா ஒண்ணுமே செஞ்சதில்லை."

"தெரியும்," என்றாள் பெவர்லி. நெவில் தன் ஆயுசிலேயே எல்லாருக்கும் புரியும்படி வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதை அவள் முகத்துக்கு நேரே தலையாட்டிச் சொன்னான், அப்போது அவன் கையை அமுக்கிப் பிடித்திருந்தது அவள்தான்.