எண்பத்தாறு மாடல்

செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு, சக்கர வீடான டிரெய்லர்களை நிறுத்திக் கோடை முழுதும் தங்கும் எங்கள் முகாமை மூடும் நாள். ஏரிக்கரையில் எல்லோரும் தண்ணீர்க் குழாயைக் கழற்றுவதும் நாற்காலிகளை மடக்குவதுமாக இருந்தோம். அப்போதுதான் புது மேலாளர் டெரிக் ஒரு கட்டுத் தாளோடு வந்து, பார்த்துப் பார்த்துப் பதினொரு டிரெய்லர்களின் கதவில் மட்டும் ஒட்டிவிட்டுப் போனான். பதினைந்து வயது தாண்டிய டிரெய்லர்களுக்கு அடுத்த கோடையிலிருந்து இங்கே இடமில்லை. மேலாளர் நேரில் சோதித்து எழுத்தில் அனுமதித்தால் மட்டும் விதிவிலக்கு.

லோர்னாவின் டிரெய்லர் 1986 மாடல். பதினான்காம் எண் இடம், தண்ணீரை ஒட்டியது. இருபத்து மூன்று கோடைகள் அது அங்கேதான் நின்றிருக்கிறது. பக்கத்துப் பதினைந்து என்னுடையது. என் டிரெய்லர் புதிது, அதனால் என் கதவில் தாள் இல்லை. அன்று அது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

லோர்னா என் தம்பி வெண்டலின் மனைவியாக இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் பிரிந்தபோது படகை அவன் எடுத்துக்கொண்டு, டிரெய்லரை அவள் தலையில் கட்டினான். "அதை வச்சுக்கோ, உனக்கு ஏத்ததுதான்" என்று வக்கீல் முன்னாலேயே சொல்லிச் சிரித்தான். நானும் லோர்னாவும் பள்ளியில் ஒரே வகுப்பு. புருஷன் போனாலும் நாத்தனார் போகவில்லை.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். சத்தம் போட மாட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், பின்வரிசை அடங்கிவிடும். அன்றும் தாளைக் கிழிக்காமல் உரித்து, நின்று படித்து முடித்துவிட்டு அலுவலகத்தை நோக்கி நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இது என்ன தம்பி?"

"புது முதலாளிங்க முடிவு மேடம். இடம் பாக்க அழகா இருக்கணும்னு நினைக்கிறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வண்டி பாக்க நல்லா இல்ல."

"எனக்கு அறுபத்தோரு வயசு. நானும்தான் பாக்க நல்லா இல்ல. என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிருவியா?"

டெரிக் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சோதிச்சு அனுமதிக்கலாம்னு போட்டிருக்கே. எதெதைச் சோதிப்ப?"

"அது... பொதுவா எல்லாந்தான்."

"பொதுவான்னா எனக்கு ஒண்ணும் புரியாது. எழுதிக் கொடு."

அவளை அனுப்பினால் போதும் என்று அவன் எழுதினான். கூரை ஒழுகக் கூடாது. தரை எங்கேயும் அமுங்கக் கூடாது. கேஸ் கசியக் கூடாது. ஒயரிங் சரியாக இருக்க வேண்டும். சக்கரமும் டயரும் சாலையில் ஓடத் தகுதியாக இருக்க வேண்டும். வெளிப்புறம் லட்சணமாக இருக்க வேண்டும். அவள் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டான்.

"இவ்வளவையும் செய்யறதுக்குப் புதுசே வாங்கிரலாம் மேடம்."

"உன்கிட்ட யோசனை கேட்டேனா?" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "ஆர்லீன், உன் கொட்டகைல இடம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. டிராக்டரை வெளியே தள்ளிவிட்டு அதே வாரம் டிரெய்லரை உள்ளே கொண்டுவந்தோம். சுவரில் ஒரு நீளத் தாளை ஆணியடித்து, அந்தக் குளிர்காலம் முழுவதையும் லோர்னா அதில் பங்கு போட்டாள். அக்டோபரில் எல்லாவற்றையும் பிரித்துக் காயவைப்பது. நவம்பரில் ஊர் ஆண்களெல்லாம் மான் வேட்டைக்குக் காட்டுக்குள் போய்விடுவார்கள், கடையில் கூட்டம் இருக்காது, அப்போது பலகையும் பசையும் வாங்குவது. டிசம்பரில் வீட்டில் உட்கார்ந்து மெத்தை உறையும் திரையும் தைப்பது. ஜனவரியில் தரை, பிப்ரவரியில் கூரை, மார்ச்சில் கேஸும் ஒயரிங்கும், ஏப்ரலில் பெயின்ட், மே மாதம் சக்கரம்.

முதல் வாரமே அந்தத் தாளின் கணக்கு நாறிப்போனது. பின்பக்கக் கட்டிலைத் தூக்கியதும் மூலையில் தரை கேக்கைப் போலப் பிய்ந்து வந்தது. சுவரின் உள்பலகையைப் பெயர்த்தால், சட்டம் கறுத்து, கையால் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. கூரையும் சுவரும் சேரும் விளிம்பில்தான் ஒழுகல். யாரோ அங்கே வெள்ளி நிற டேப்பை மூன்று அடுக்கு ஒட்டி, மேலே தாரைத் தடவி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள். லோர்னா அதை உருவி விரித்தாள். இருபது வருடத்துக்கு முந்தைய தேதி.

"நான் ஏணியைத் தொட்டாலே 'நீ போய்க் காபி போடு'ன்னு விரட்டுவான். இதுதான்டி அவன் செஞ்ச ரிப்பேரு" என்றாள்.

என் தம்பி ஆயிற்றே என்று நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். "எங்கம்மா அவனுக்கு ரொம்பச் செல்லம் கொடுத்துட்டாங்க" என்றேன். இருவரும் சிரித்தோம்.

சிரித்தாலும் வேலை இரட்டிப்பானது. கூரையை அடைக்காமல் தரையைப் போட்டுப் புண்ணியமில்லை. சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் சட்டத்தை எடுக்க முடியாது. அவள் சுவரிலிருந்த தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் புதிதாக எழுதினாள். மண்ணெண்ணெய் ஹீட்டரை எரியவிட்டு, கூரை விளிம்பிலிருந்த தாரை அந்தச் சூட்டில் இளக்கி அங்குலம் அங்குலமாகச் சுரண்டினாள். ஜன்னல்கள் அத்தனையையும் கழற்றினோம். ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் எலி நுழையாமல் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அடைத்தோம். வெளியே பனி கொட்டகையின் பாதிக் கதவுவரை ஏறியிருந்தது.

ஜனவரியில் ஒருநாள் வெண்டல் வந்தான். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, ஒரு சுவரும் தரையும் இல்லாமல் நின்ற டிரெய்லரைச் சுற்றி வந்தான்.

"பிரிச்சுப் போட்டாச்சு, சரி. சேக்கத் தெரியுமா?"

"நீ ஒட்டின டேப்பைப் பிரிக்கத்தான் நேரமாச்சு" என்றாள் லோர்னா, தலையைத் தூக்காமல்.

"பாரு, பழைய இரும்புக்காரன் ஒருத்தன் எனக்குப் பழக்கம். சொன்னா நாளைக்கே வந்து இழுத்துட்டுப் போயிருவான். சும்மா ஊர் சிரிக்க வைக்காத."

"டேய் வெண்டல், கதவைச் சாத்து. குளிர் உள்ள வருது" என்றேன் நான்.

"சாத்திட்டுத்தான்க்கா நிக்கிறேன்."

"வெளியில இருந்து சாத்து."

போய்விட்டான். ஆனால் அவன் சொன்னது அவளுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் தரைக்கான பலகையை அறுத்தாள். பழைய தரையை அளவாக வைத்துக் கோடு போட்டவள், பலகையின் எந்த முகம் மேலே வரும் என்று பார்க்கவில்லை. சக்கர வளைவுக்கு வெட்டிய இடம் வலப்பக்கம் வர வேண்டியது, இடப்பக்கம் வந்து நின்றது. நல்ல பலகை, முழுப்பலகை, வீண். ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு டிரெய்லரின் படியில் உட்கார்ந்தாள்.

"அவன் சொன்னது சரியோ என்னவோ."

"எது?"

"எனக்குச் சேக்கத் தெரியல."

ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே எழுந்துவிட்டாள். "முதல் வருஷம் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போது பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தைச் சாய்ச்சேன். ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"யாருக்கு மறக்கும்?"

"அதுக்காக வண்டியைக் கொடுத்துட்டுப் போனேனா?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பலகையை இழுத்துப் போட்டாள். இந்த முறை நான்கு தடவை அளந்து, மேல்முகத்தில் பெரிதாக "மேல்" என்று எழுதிய பிறகுதான் ரம்பத்தைத் தொட்டாள். பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் மேல் இரண்டு பேரும் ஏறி நின்று குதித்தோம். இரண்டு பேரும் லேசான உடம்புக்காரிகள் இல்லை. தரை அசையவில்லை.

மே மாத நடுவில் பனி முழுதாகக் கரைந்ததும் டிரெய்லரை முகாமுக்கு இழுத்துப் போனோம். கீழ்ப்பாதி கரும்பச்சை, மேல்பாதி பாலேட்டு நிறம். புது டயர், கிரீஸ் போட்ட பேரிங். லோர்னா நீட்டிய பழைய தாளில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் டெரிக்கின் முகம் மாறியது. ஆனாலும் ஒவ்வொன்றாகச் சோதித்தான். கூரையில் இருபது நிமிடம் தண்ணீர் பீய்ச்சினான், உள்ளே ஒரு சொட்டு இல்லை. கேஸ் குழாயின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினான், ஒரு குமிழி வரவில்லை. மூலை மூலையாகத் தரையை மிதித்தான். எல்லாம் முடித்துவிட்டுப் பிடரியைச் சொறிந்தான்.

"வேலை சுத்தமா இருக்கு மேடம், நான் இல்லேங்கல. ஆனா வருஷம் எண்பத்தாறுதானே? அதை மாத்த முடியாதுல்ல? தண்ணி ஓரம் தர வேண்டாம்னு முதலாளிங்க சொல்லிட்டாங்க. பின்னாடி, கழிவு கொட்டுற தொட்டிப் பக்கம் ஒரு இடம் இருக்கு. வேணும்னா அதைத் தரேன்."

"இந்தத் தாள்ல வருஷத்தைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கியா?"

"இல்ல..."

"அப்போ பதினாலு என்னுது."

"முடியாது மேடம்."

லோர்னா வாதாடவில்லை. முகாமின் வாசலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் கிழவர் ரந்தலாவின் வைக்கோல் வயல். அவரிடம் போய் என்ன கேட்டாளோ தெரியாது. அவர் தலையாட்டியதுதான் எனக்குத் தெரிந்தது. வேலிக் கதவைத் திறந்துவிட்டார். டிரெய்லரை வாசலைப் பார்த்து நிறுத்திவிட்டு, அவரிடம் மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட்டால் அதன் நெற்றியில் இரண்டடி உயரத்துக்கு 1986 என்று எழுதினாள்.

"ஏன்டி, அதைத்தானே அவன் குறையாச் சொல்றான்?"

"அதான். ஒளிச்சு வச்சாத்தானே அது குறை?"

மே கடைசியில், திங்களும் விடுமுறையாக வரும் நீண்ட வார இறுதிக்கு முகாம் நிரம்பும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வண்டிகள் வரிசையாக வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் அந்தச் சிவப்பு எண்ணைத் தாண்டித்தான் உள்ளே திரும்ப வேண்டும். லோர்னா படியருகே நாற்காலி போட்டு, காபியும் சூடான இறைச்சிப் பணியாரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிறுத்திக் கேட்டவர்களிடம் டெரிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். "உள்ள போய்க் குதிச்சுப் பாருங்க" என்றாள். பலர் குதித்தார்கள். ஒரு தம்பதி தங்கள் டிரெய்லருக்குப் பதினைந்து வயது என்று மெதுவாகச் சொன்னார்கள். "அடுத்த வருஷம் உங்க கதவுல ஒட்டுவான்" என்றாள் லோர்னா.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் வெண்டல் வந்து நின்றான்.

"உள்ள வா. பூட்ஸைக் கழட்டு" என்றாள்.

கழற்றினான். பின்மூலைக்குப் போய்க் காலுறையோடு குதிகாலை ஊன்றி அழுத்தினான். கூரை விளிம்பைத் தடவி விரலைப் பார்த்தான். மேலே மழை தகரத்தில் அடித்துக் கொண்டிருந்தது. விரல் காய்ந்தே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"அந்த 'தான்' எதுக்கு? அதை எடுத்துட்டுச் சொல்லு."

என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நல்லா இருக்கு" என்றான்.

"சரி. காபி குடிச்சுட்டுப் போ."

மறுநாள் காலையில் நான் என் டிரெய்லரைப் பதினைந்தாம் எண்ணிலிருந்து கிளப்பி, வயலில் அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். டெரிக் வாசல்வரை கூடவே ஓடிவந்தான். "உங்களுக்கு என்ன பிரச்சனை? உங்க வண்டி புதுசாச்சே!" "அது பழசாகுமே தம்பி" என்றேன். ஞாயிறு மாலைக்குள் இன்னும் ஆறு குடும்பங்கள் சாலையைத் தாண்டி வந்துவிட்டன. அதில் நான்கு புத்தம் புது டிரெய்லர்கள். தண்ணீரோரம் வரிசையில் பல் விழுந்தாற்போல இடைவெளி தெரிந்தது. அன்று முழுவதும் டெரிக் அலுவலக வாசலில் போனைக் காதில் வைத்தபடி நடந்து கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை தாளோடு வந்தான். "பதினாலு உங்களுக்கே மேடம். இடம் காலியாகாம எதையாவது செய்னு முதலாளிங்க சொல்லிட்டாங்க, கையெழுத்துப் போட்டாச்சு."

லோர்னா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "மத்த பத்துப் பேரு?"

"அவங்க யாரும் கேக்கலையே!"

"நான் கேக்குறேன். அதே ஆறு சோதனை, எல்லாருக்கும். வருஷக் கணக்கு கிடையாது. எழுது."

நின்று யோசித்தான். அவள் காத்திருந்தாள், கண்ணாடியில் பின்வரிசையைப் பார்ப்பது போல. கடைசியில் டிரெய்லரின் பக்கவாட்டிலேயே தாளை வைத்து எழுதினான். "பெயின்ட்ல அழுத்தாத" என்றாள்.

பத்துப் பேருக்கும் அன்றே போன் செய்தோம். நான்கு பேரிடம்தான் டிரெய்லர் மிச்சம் இருந்தது. மற்ற ஆறு பேர் குளிர்காலத்திலேயே பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். ஒருவர் போனிலேயே அழுதார். அன்றிரவு லோர்னா சந்தோஷமாக இல்லை. "செப்டம்பர்லயே எல்லார்கிட்டயும் பேசியிருக்கணும். என் வண்டியைப் பத்தி மட்டும்தான் நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னது உண்மை.

ஜூன் இரண்டாம் வாரம், விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்க முதலாளிகள் ஒரு புகைப்படக்காரரை அனுப்பியிருந்தார்கள். ஏரியும் வானமும் சேர்ந்து தெரியும் நல்ல இடம் பதினான்கின் எதிரேதான். லோர்னா அப்போது அங்கே திரும்ப வந்து நின்ற தன் டிரெய்லரின் கூரைமேல் மண்டியிட்டு, பைன் மரப் பிசினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய தொளதொளச் சட்டை, தலையில் கட்டிய துண்டு.

"அம்மா, அஞ்சு நிமிஷம் கீழ இறங்கிக்கிறீங்களா? படத்துல விழுறீங்க" என்று அவர் கத்தினார்.

"எனக்கு வேலை இருக்கு. நீ எடு" என்றாள்.

அவர் டெரிக்கைப் பார்த்தார். டெரிக் கையை விரித்தான். கேமரா சொடுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள்.