லூபெக்கில் ஒற்றைக் கட்டில்

ஜெர்மனியின் பிரேமன் நகரில் ஒரு முத்தத்தின் விலை இரண்டு மூட்டை பீர் மூடி, ஒரு துடைப்பம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க நாலு பெட்டி பீர். முப்பது வயதாகியும் கல்யாணமாகாத ஆண்பிள்ளை, பிறந்தநாளன்று கோமாளித் தொப்பி மாட்டிக்கொண்டு பெரிய தேவாலயத்தின் படிக்கட்டைப் பெருக்க வேண்டும். சிநேகிதர்கள் மூடிகளைக் கொட்டுவார்கள், அவன் கூட்டுவான், மறுபடி கொட்டுவார்கள். ஒரு கன்னிப்பெண் வந்து முத்தம் கொடுத்தால்தான் விடுதலை. கன்னிதானா என்று சான்றிதழ் கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டிருந்தால் பாதி ஊர் இன்னும் பெருக்கிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை முப்பது ஆகப்போகிற ஹென்னிங் பெருக்கப் பயந்தவன் அல்ல. அவன் பயம் வீப்கே வருவாளா மாட்டாளா என்பதில் இருந்தது. மூன்று வருஷம் கூட இருந்தவள், போன வசந்தத்தில் ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். ஹென்னிங்குக்குக் காப்பிக்கொட்டை இறக்குமதி அலுவலகத்தில் விலை பேசும் வேலை. பேரம் தெரிந்தவன் முதல் விலைக்குத் தலையாட்டமாட்டான். பார்க்கலாம் என்றான். கடையை விட்டு எழுந்து நாலடி நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்பது தொழிலின் பாலபாடம். நடந்தான். யாரும் கூப்பிடவில்லை.

இப்போது ஊர் நடுவில், கோமாளித் தொப்பியோடு, அவள் வருகிறாளா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதா? வராவிட்டால் ஊருக்கே தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை, அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, லூபெக்குக்கு ரயிலேறினான். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. மழைக்கோட்டு எடுத்துக்கொண்டாயா என்று மட்டும் கேட்டார்.

லூபெக்கில் விடுதி நடத்தும் தோடே அம்மாளுக்கு ஆளைப் பார்த்ததுமே எடைபோட்டுப் பழக்கம். அடையாள அட்டையை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள்.

"பிரேமன். நாளைக்கு முப்பது. ஒத்தைக் கட்டில். ஓடி வந்துட்டீங்களா தம்பி?"

அலுவலக வேலை என்றான்.

"சனிக்கிழமையிலயா? சரிதான். காலைச் சாப்பாடு பத்து மணி வரைக்கும். ஆனா உங்களை மாதிரி வர்றவங்க ஆறரைக்கே வந்து உக்காந்துடுவாங்க. தூக்கம் வராது."

இரண்டு இரவுக்கும் முன்பணமாக வாங்கிக்கொண்டாள். பாதியில் போனால் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்பதைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். போதாதென்று வாயாலும் சொன்னாள்.

சனிக்கிழமை அவன் ஆறே காலுக்கு வந்து உட்கார்ந்தான். தோடே அம்மாள் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்து, முட்டையை வைத்துவிட்டுப் போனாள். அவன் தொலைபேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பினான்.

சாய்ந்து நிற்கும் கோட்டைவாசலைப் பார்த்தான். பழைய உப்புக் கிடங்குகளைப் பார்த்தான். மரியன்னை தேவாலயத்தில், யுத்தத்தில் எரிந்து விழுந்த மணிகள் விழுந்த இடத்திலேயே உடைந்து கிடக்கின்றன. உடைந்ததை அள்ளாமல் வைத்து, அதைப் பார்க்க வருகிறவனிடம் கட்டணமும் வாங்குவது வியாபாரம் தெரிந்த ஊரின் லட்சணம். வீப்கே கூட இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். தனியாகப் போகிறவனுக்கு ஊர் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். பதினோரு மணிக்குள் அவனுக்கு லூபெக் தீர்ந்துவிட்டது. அதே வாசலை மறுபக்கத்திலிருந்து இன்னொரு தரம் பார்த்தான். மத்தியானம் உணவகத்தில் சமையலறைக் கதவையொட்டிய மேஜை கிடைத்தது. எதிர் நாற்காலியை, யாரும் வரவில்லையே என்று கேட்டு, நாலு பேராக வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று மணிக்கு ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து தொலைபேசியைத் திறந்தான். திறந்த கையோடு அப்பா கூப்பிட்டார். துறைமுகக் கிடங்கில் மூட்டைகளை எடைபோட்டு ஓய்வுபெற்றவர் அவர். பேச்சிலும் எடைக்கு மேல் போடமாட்டார்.

"எங்கடா இருக்கே?"

"ஆத்தங்கரையில."

"ஊர் எப்படி?"

"சாஞ்சு நிக்குது."

"சரி. நான் பெருக்கிட்டேன்."

நடந்தது இதுதான். ஓடிப்போனவனுக்குத் தெரியட்டும் என்று சிநேகிதன் மால்டே, ஆள் இல்லாமலே மூடிகளைக் கொட்டிவிட்டான். பீரும் வந்துவிட்டது, கூட்டமும் சேர்ந்துவிட்டது. பெருக்கத்தான் ஆளில்லை. தேவாலயத்துக் காவல்காரர் வந்து சத்தம் போட்டார். அப்பா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு துடைப்பத்தைக் கையில் வாங்கினார். அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் சொன்னபடி கேட்பதில்லை. அப்படிப்பட்டவர் கூட்டி முடித்த படியில் மறுபடி கொட்ட யாருக்குக் கை வரும்? மால்டேக்கு வந்தது. இரண்டாம் மூட்டையையும் கொட்டினான்.

அப்பா நிறுத்தினார். வாங்கும் உத்தேசம் இல்லாத சரக்குக்கு விலை கேட்கிற குரலில் ஹென்னிங் கேட்டான்: "கடைசியில யாரு முத்தம் குடுத்தா?"

"வீப்கே."

ஆற்றில் ஒரு சுற்றுலாப் படகு போயிற்று. அதன் ஒலிபெருக்கி யாருடைய வீட்டையோ பற்றிச் சொல்லிக்கொண்டு போயிற்று.

"எங்கே குடுத்தா?"

"எங்கேடா குடுப்பா? கன்னத்துலதான். நான் வேற சவரம் பண்ணாம போயிருந்தேன்."

வீப்கே எல்லாருக்கும் முன்னாலேயே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இவன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று பார்த்தபடி இருந்திருக்கிறாள். இரண்டாம் மூட்டை கொட்டியதும்தான் படியேறியிருக்கிறாள்.

"ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா. 'அவனுக்குன்னு கொண்டுவந்தது, திருப்பி எடுத்துட்டுப் போற பொருள் இல்ல, நீங்களே வெச்சுக்குங்க'ன்னா."

காப்பி வியாபாரத்தில் இதற்கு விதி உண்டு: முதலாளிக்கு வந்த சரக்கை முகவர் கையெழுத்திட்டு வாங்கினால் முதலாளிக்குச் சேர்ந்ததாகத்தான் கணக்கு. முத்தத்துக்கு அந்த விதி செல்லுமா என்று அவன் அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான் அவளுக்கு போன் பண்ணட்டுமா?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கறே? நான் முத்தம் வாங்கினவன்." பிறகு அப்பா சற்றுக் குரல் தாழ்த்தினார். "ஏழு மணிக்கு வீட்டுக்குக் காப்பிக்கு வரச் சொல்லியிருக்கேன். வர்றேன்னா. வெண்ணெய்க் கேக் வாங்கி வெச்சிருக்கேன். இப்பக் கிளம்பினா ஆறு மணிக்கெல்லாம் நீ இங்க இருக்கலாம்."

ஸ்டேஷன் நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. ஹாம்பர்க்கில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். ஹென்னிங் எழுந்து நின்றான். கோட்டுப் பொத்தானைக்கூடப் போட்டான். போய் என்ன சொல்வது? படிக்கட்டில் கொடுக்கவேண்டிய பதிலை கேக் தட்டோடு கொடுத்தால் எடுபடுமா? அவள் இரக்கத்துக்கு வந்தாளோ, இன்னும் பழைய விலைக்கே வந்தாளோ? தெரியாத சரக்கை இருட்டில் வாங்கக்கூடாது.

"ராத்திரிக்கும் ரூமுக்குக் காசு கட்டியாச்சுப்பா," என்றான். "திருப்பித் தரமாட்டாங்களாம்."



"காசு கட்டியாச்சுன்னா சரி," என்றார் அப்பா.

பயம் போடுகிற கணக்கு எப்போதும் நியாயமாகத்தான் வரும். அந்த இரவை ஹென்னிங் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டான்: எட்டு மணிக்கே படுத்தான், கட்டிய காசுக்குக் கூரையைப் பார்த்தான்.

ஞாயிறு மத்தியானம் அப்பா வீட்டுக் கதவைத் திறந்தான். அவர் முழங்காலுக்கு வெந்நீர்ப்பை வைத்துக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மேஜையில் இரண்டு கோப்பைகள் கழுவாமல் இருந்தன. ஒன்றின் விளிம்பில் உதட்டுச் சாயம். கோட்டைக் கழற்றாமலே நின்றான்.

"வந்தாளா?"

"வந்தா. பத்து மணி வரைக்கும் இருந்தா. நல்லாப் பேசினா. ஜூன்ல வேலை மாத்திட்டு ராட்டர்டாம் போறாளாம்."

"என்னைப் பத்தி?"

"எங்கேன்னு கேட்டா. ரூமுக்குக் காசு கட்டிட்டான்னேன். ரொம்ப நேரம் சிரிச்சா."

ஹென்னிங் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்காக மட்டும் கேட்கிறவன் மாதிரி, கேக் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான்.

அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"மூணு துண்டு வெட்டினேன். நான் ஒண்ணு தின்னேன். அவ ஒண்ணு. எட்டரை ஆச்சு, இனி நீ எந்த ரயில்லயும் வரமாட்டேன்னு தோணிச்சு போல, உனக்குன்னு வெச்ச மூணாவதையும் அவளே எடுத்துக்கிட்டா. வெட்டினது மூணு, தின்னது மூணு. கணக்குல பாக்கி இல்ல."