டிசம்பரில் எழுதிய குளிர்காலம்

ஜனவரி பதினேழாம் தேதி, சிட்னியின் வென்ற்வர்த்வில்லில் வெயில் நாற்பத்து மூன்று பாகையைத் தொட்ட மத்தியானம், யசிந்தா கொட்டாவி விட்டபோது அவள் வாயிலிருந்து பனிப்புகை வந்தது. அன்று ஹரிஸ் பார்க் கடைகளில் மாம்பழப் பெட்டி இருபத்திரண்டு டொலருக்குப் போனது. தண்டவாளம் சூடேறி ரயில்கள் ஊர்ந்தன. அவள் பிடித்திருந்த தண்ணீர்க் கிளாஸின் விளிம்பில் ஐஸ் கட்டியது. கணவன் பேதுரு முதலில் மின்விசிறியை நிறுத்தினான், பிறகு மடு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினான். ஆஸ்பத்திரியில் ஐந்து மணி நேரம் இருத்தி வைத்து, காய்ச்சல் இல்லை, இரத்தத்தில் பிழை இல்லை, வீட்டுக்குப் போய் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார்கள். குடிக்குமுன் அது உறைந்துவிடுகிறது என்பதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

சனம் விடுமா? மின்சாரப் பில் கழுத்தை நெரிக்கிற காலத்தில் காசில்லாமல் ஒரு குளிர். ஒரு கிழமைக்குள் அந்தத் தெருவில் கார் விட இடமில்லை. மன்னார் ஆட்களும் யாழ்ப்பாணத்து ஆட்களும் மடக்குக் கதிரையோடு வந்து அவளைச் சுற்றி இருந்தார்கள். பிள்ளைகள் ஜூஸ் போத்தல்களை அவள் மடியில் வைத்துவிட்டு விளையாடப் போனார்கள். ஏன் இப்படி ஆனது என்று கேட்டவர்களுக்கு யசிந்தா வாய் திறக்கவில்லை. திறந்தாலும் புகைதான் வந்தது.

அந்தக் கூட்டத்தில் மனைவி யோகாவோடு சிறிதரனும் போய் இருந்தார். மசாலாக் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் மாதப் பத்திரிகையில் பதினெட்டு வருஷமாக ராசிபலன் எழுதுகிறவர். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்களும் வீடு வாங்க நினைக்கிறவர்களும் முதலில் அவருக்குத்தான் போன் எடுப்பார்கள். எல்லோரும் குளிர் காய்ந்துகொண்டிருக்க, இல்லை, குளிரில் காய்ந்துகொண்டிருக்க, யசிந்தா அவரைக் குசினிக்குள் கூப்பிட்டாள். செபப் புத்தகத்தைத் திறந்து, நடுவில் நாலாக மடித்து ஒளித்திருந்த தாளை எடுத்தாள். அவருடைய டிசம்பர் மாதப் பக்கம்.

"அண்ணை, நீங்கள் எழுதினதைத்தான் செய்தனான். ஒரு நாள் பிசகேல்லை," என்றாள். "ஃபாதருக்குத் தெரிஞ்சால் வெட்கக்கேடு. இவருக்கும் சொல்லேல்லை. தொடங்கிறதுதான் எழுதியிருக்கிறியள். இந்தக் குளிர்காலம் எப்ப முடியும்?"

தாளைப் பார்த்த சிறிதரனுக்கு முகம் செத்துப்போனது. முந்திய ஜூலையில் இடுப்பில் நாரிப் பிடிப்புக்கு ஊசி குத்திக்கொள்ள, பரமட்டாவில் சீன வைத்தியம் பார்க்கும் லின் அம்மாவிடம் போனபோது கேட்டுக் குறித்துக்கொண்ட விஷயம் அது. குளிர்காலம் சிறுநீரகத்தின் காலம், அதன் பூதம் நீர், அதன் உணர்ச்சி பயம். கறுப்பு எள்ளும் கறுப்பு உளுந்தும் உண்ண வேண்டும், பாதம் குளிரக் கூடாது, வெயில் ஏறிய பின்பே எழ வேண்டும், வியர்வை சிந்தி உள்ளே இருக்கும் சூட்டைச் செலவழிக்கக் கூடாது. சிறிதரன், பாதத்துக்குக் கறுப்புச் சொக்ஸ் இரண்டு சோடி என்று தன் பங்குக்கும் சேர்த்து, அதைக் கடகம், விருச்சிகம், மீனம் என்ற மூன்று நீர் ராசிகளுக்கும் அழகாகப் பொருத்தினார். இங்கே குளிர் அடிக்கிற அந்த மாதமே போட்டிருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வருவித்த பஞ்சாங்கத்தைப் பார்த்து, பனி மார்கழியில்தானே என்று ஐந்து மாதம் பொத்தி வைத்து டிசம்பரில் போட்டார். இருபத்தாறு வருஷமாக டிசம்பர் வெயிலில் நத்தாருக்குப் பனியனோடு நின்று பார்பெக்கியூ சுடுகிற மனிதர். மற்ற வாசகர்கள் வாசித்துவிட்டுக் கடலில் குளிக்கப் போனார்கள். மீன ராசி யசிந்தா ஒருத்திதான் கறுப்புச் சொக்ஸ் இரண்டு சோடி போட்டுக்கொண்டு நம்பினாள்.

"பாப்பம் தங்கச்சி. கணக்கொண்டு பாக்கவேணும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த நாளே லின் அம்மாவிடம் ஓடினார். அவர் சுவர்க் கலண்டரைக் காட்டி, ஜூலையில் சொன்னது ஜூலைக்கு என்றார். குளிரைத் திறந்தவரே மூட வேண்டும், உள்ளதை உள்ளபடி சொன்னால் மூடும், இதற்கு ஊசி இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆனால் பதினெட்டு வருஷத்துப் பெயர் லேசில் விடுமா? பெப்ரவரியில், நீர் ராசிக்காரருக்கு இனிக் குளிர் தணியும் என்று எழுதினார். யசிந்தாவின் குளிர் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. மார்ச்சில் பழியைத் தூக்கிச் சனி பகவான் தலையில் போட்டார். முழங்கை வரை ஏறியது. அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பதின்மூன்று வருஷமாக வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறவள். சூடான கை என்று அவளைத்தான் கேட்டு வாங்குவார்கள். ஏப்ரலில் ஒரு கிழவர் அவள் தொட்டதும் வீரிட்டு அழுதார். அவளை உடுப்புத் தோய்க்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஈரத் துணி அவள் கையில் பலகையாக விறைத்தது. மே மாதம் வேலையே போய்விட்டது. பேதுரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு மற்ற அறையில் படுக்கப் போனான்.

லின் அம்மா சொன்னதை ஜூலை என்று திகதி போட்டு அவர் குறித்திருந்த கொப்பியை யோகா கண்டெடுத்தது அப்போதுதான்.

"ஒரு வரி எழுதினால் முடிஞ்சுது. அந்த மனிசிக்கு வேலை போயிட்டுது. நீங்கள் மானம் போகுதெண்டு இருக்கிறியள்."

"எழுதினால் சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

ஜூன் வந்தது. சிட்னி முழுவதற்கும் வாயில் புகை வந்ததால் யசிந்தாவின் புகையை யாரும் பிரித்தறியவில்லை. கதிரைகள் கலைந்தன. தப்பினேன் என்று சிறிதரன் நினைத்தார், நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டார். ஊர்க் குளிரோடு அவளுடையதும் போய்விடும் என்று செப்டம்பர் வரை பார்த்திருந்தார். செப்டம்பரில் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துச் சனம் தும்மிக்கொண்டிருந்த ஒரு நாள், ஹரிஸ் பார்க் பஸ் தரிப்பில் அவளைக் கண்டார். நல்ல வெயிலில் கையுறை போட்டு, இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை.

"அண்ணை, அந்தக் கணக்குப் பாத்தனீங்களே?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். சிறிதரனுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நிலம் பிளக்கவில்லை, அவருடைய பஸ்தான் வந்தது. அவர் ஏறவில்லை.

அக்டோபர் இதழில் ராசிபலன் இல்லை. அந்த இடத்தில் நான்கு வரிகள் இருந்தன: "சென்ற டிசம்பரில் குளிர்காலம் என்று எழுதினேன். இந்த நாட்டில் டிசம்பர் கோடைகாலம். இருபத்தாறு வருஷம் இங்கே இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. பிழை என்னுடையது, கிரகங்களுக்கு இதில் பங்கில்லை." சனம் வயிறு நோகச் சிரித்தது. மெல்பேர்னில் டார்னெய்ட்டிலிருந்துகூட ஒருவர் போன் எடுத்து, "அண்ணை, இண்டைக்கு என்ன காலம்?" என்று கேட்டுவிட்டு வைத்தார். கல்யாணத்துக்கு நாள் கேட்டு அதன் பிறகு ஒருவரும் வரவில்லை.

பத்திரிகை கடைகளுக்கு வந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு யசிந்தாவுக்கு வியர்த்தது. பத்தேகாலுக்குச் சிறிதரன் கொட்டாவி விட்டார், பனிப்புகை வந்தது. குளிர் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும். அவர் ஆச்சரியப்படவில்லை. யோகா அலுமாரியிலிருந்து கம்பளியை எடுத்துக் கொடுத்தாள்.

மறுபடி ஜனவரி வந்து நாற்பத்து மூன்று பாகை எரித்தபோது, சனம் தன்னைச் சுற்றி வந்து இருந்துவிடும் என்று பயந்து சிறிதரன் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு உள்ளே இருந்தார். யாரும் வரவில்லை. ஒரு வியாழன் நாலரை மணிக்கு யசிந்தா மட்டும் வந்தாள். வேலை திரும்பக் கிடைத்திருந்தது. முதியோர் இல்லத்துச் சீருடையோடு, வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். குசினியில் தண்ணீர் சூடாக்கி ஒரு பேசினில் கொண்டுவந்து அவர் முன்னால் முழங்காலில் இருந்தாள்.

"காலைத் தாங்கோ அண்ணை."

"வேண்டாம் தங்கச்சி. ஒன்பது மாசம்... நான் தெரிஞ்சுகொண்டுதான்..."

"தெரியும். காலைத் தாங்கோ."

அவள் கை பழையபடி சூடாக இருந்தது. விரல் இடுக்கெல்லாம் கழுவித் துடைத்து, பையிலிருந்து கறுப்புச் சொக்ஸ் எடுத்துப் போட்டாள். ஒரு சோடி போதும் என்றார் சிறிதரன்.

"இரண்டு சோடி அண்ணை," என்றாள் அவள். "நீங்கள்தானே எழுதினனீங்கள்."

இப்போதும் வியாழக்கிழமைகளில் நாலரைக்கு அவள் வருகிறாள். சிறிதரன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, பாதத்தை மட்டும் நீட்டுகிறார். பேசினில் தண்ணீர் உறைவதற்கு முன் அவள் வேலையை முடித்துவிடுகிறாள்.