பன்னிரண்டாம் கூட்டுக் கடைக்குட்டி

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ‘சிரிக்காதீங்கக்கா’. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது வங்கிப் புத்தகத்துக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவள் வேறு என்னதான் சொல்வாள்? ஸ்டூலில் உட்கார்வது பெரிய மனிதரோ, பால்குடி மறக்காத பிள்ளையோ, "நிமிர்ந்து உட்காருங்க, காது தெரியணும், சிரிக்காதீங்க" என்பாள். சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருஷமாக இதே கூத்து.

எடுப்பது அவள், துடைப்பது அவள் கணவர். தெருவே அவரை ‘டச்சப்’ என்றுதான் கூப்பிடும். பின்னறைக் கம்ப்யூட்டர் முன்னால் மனிதர் உட்கார்ந்துவிட்டால் பரு, மரு, அம்மைத் தழும்பு, கருவளையம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பாஸ்போர்ட் படத்தில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். அந்த ஏக்கத்தையெல்லாம் சேர்த்து வைத்து மற்றப் படங்களில் தீர்த்துக்கொள்வார். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை யாரு?" என்று மாப்பிள்ளையின் அம்மாவே கேட்டதுண்டு.

இப்படிப்பட்ட கடைக்கு ஒரு நாள் பறவை டாக்டர் வந்தாள். குடிநீர் ஏரியின் நடுவில் உள்ள மரத்திட்டில் கூடு கட்டும் கரண்டிவாயன் பறவைகளைக் கணக்கெடுப்பவள். அவள் கேட்டது இதுதான்: "அக்கா, எனக்கு நாற்பத்து மூணு பாஸ்போர்ட் போட்டோ வேணும்."

"அதுக்கென்ன, ஆளுங்களை வரச் சொல்லுங்க."

"அவங்க வர மாட்டாங்க. நாமதான் போகணும். கூட்டை விட்டு இறங்க இன்னும் ஒரு மாசம் ஆகும்."

விஷயம் புரிந்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். குஞ்சுகளின் காலில் வளையம் மாட்ட மரம் ஏறினால் அவை மிரண்டு கீழே விழுந்துவிடுகின்றனவாம். ஆகவே முகம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று எல்லாக் குஞ்சையும் ஒரே அளவில் எடுக்க வேண்டும். மூன்று முறை போக வேண்டும். எந்தக் குஞ்சு பிழைத்தது, எது போனது என்று படத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். போன வருஷம் ஒரு கலைஞர் வந்து அத்தனையையும் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் நிறுத்திக் கறுப்புக் கறுப்பாக எடுத்துக் கொடுத்தாராம். "அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஒரு மூஞ்சி தெரியல" என்றாள் டாக்டர்.

டாக்டரே படகு வலித்தாள். திட்டின் ஓரத்தில் கூடுகளின் உயரத்துக்கு ஒரு பரண். அதைச் சுற்றியும் மேலேயும் பச்சைத் துணி. துணியில் லென்ஸ் நுழைய ஓட்டைகள். உள்ளே குந்தி உட்கார்ந்து அக்கா முதல் குஞ்சைப் பார்த்தாள். பிறந்த மேனியில் நாலு பஞ்சு ஒட்டினாற்போல ஒரு உடம்பு. அலகு இன்னும் கரண்டி ஆகவில்லை, தேய்ந்துபோன டீஸ்பூன் மாதிரி வழவழவென்று இருந்தது. அது அவளை நேராகப் பார்த்துக் கழுத்தை ஆட்டி ஆட்டிச் சோறு கேட்டது. "அய்யோ, என் ராசா, ஆடாதேடா" என்று அவள் கிசுகிசுக்க, டாக்டர் அவள் தொடையில் கிள்ளினாள்.

பன்னிரண்டாம் கூட்டில் மூன்று. இரண்டு ஏற்கெனவே கோழி அளவுக்குத் தேறியிருந்தன. மூன்றாவது நாலைந்து நாள் பின்னால் பொரிந்தது போலிருக்கிறது. கசக்கிப் போட்ட கைக்குட்டையாட்டம் மூலையில் கிடந்தது. தாய் வந்து வாயைத் திறந்தால் பெரியவை இரண்டும் தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு மீனை உருவிக்கொண்டன. சின்னது எட்டிப் பார்த்தால் மண்டையில் ஒரு போடு. இரண்டாம் முறை போனபோது அதன் இடது கண்ணுக்கு மேலே பயறு அளவுக்குப் புண் காய்ந்து பொருக்காக நின்றது.

அக்காவின் கை தானாகத் தன் இடது புருவத்துக்குப் போனது. அங்கேயும் பயறு அளவுக்கு ஒரு தழும்பு. ஏழு பிள்ளைகளில் அவள் கடைக்குட்டி. அடிப்பானை சுரண்டும் சண்டையில் பெரியண்ணன் கரண்டியாலேயே போட்ட போடு அது. போடு வாங்கினாலும் சுரண்டல் அவளுக்குத்தான் கிடைத்தது என்பதை அண்ணன் பேரன் எடுத்த பிறகும் ஒப்புக்கொள்வதில்லை.

"டாக்டர், இது பிழைக்குமா?"

"இப்படிக் கடைசியாப் பொரிஞ்சதுங்க பத்துல எட்டு பிழைக்காதுக்கா. மனசை வச்சுடாதீங்க."

"வச்சாச்சே!"

அன்று முதல் வீட்டில் அதே பேச்சுதான். "இன்னைக்கு அவனுக்கு ஒரு வாய் கிடைச்சுதோ இல்லையோ" என்பாள். "இன்னும் எனக்கே ஒரு வாய் கிடைக்கல, தட்டைப் போடும்மா" என்பார் டச்சப். சொன்னாலும் தூங்கப் போகும் முன் அவரே கேட்பார், "அப்ப அவன் அப்பன்காரன் என்னதான் பண்றான்?"

மூன்றாம் முறை தூறலில் மாட்டிக்கொண்டார்கள். குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளைகளில் நடக்கத் தொடங்கியிருந்தன. கண்ணாடியெல்லாம் ஆவி. யார் எந்தக் கூடு என்று பார்க்க நேரமில்லாமல் அக்கா கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினாள். நாற்பத்திரண்டு தேறியது. நாற்பத்து மூன்றாவது பன்னிரண்டாம் கூட்டுக்கு நேர் கீழே தண்ணீரில் கிடந்தது. மீன்கள் கொத்தி, எது என்று சொல்ல முடியாதபடி இருந்தது. டாக்டர் துடுப்பைப் போட்டுப் படகைத் திருப்பினாள்.

"அவனா இருக்காது. வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றாள் அக்கா. வீட்டுக்குப் போனவள் பார்க்கவில்லை. நனைந்த உடம்பு, காய்ச்சல் அனலாகக் கொதித்து இரண்டு நாள் படுத்துவிட்டாள்.

பெண்டாட்டி படுத்திருக்கிறாள், வேலை நிற்கிறது, மனிதர் சும்மா இருப்பாரா? சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்றாம் நாள் அக்கா எழுந்து கடைக்கு வந்தபோது டாக்டரும் வந்துவிட்டாள். டச்சப் நாற்பத்திரண்டு குஞ்சுகளின் முகப் படங்களையும் அச்சடித்து மேசையில் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. டாக்டர் ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். "எல்லாம் ஒரே குஞ்சா இருக்கே..." என்றாள்.

வெள்ளை வெளேரென்று, சலவைக்குப் போட்டு எடுத்த பிள்ளைகள் போல நாற்பத்திரண்டு முகங்கள். கண்களில் ஆளுக்கொரு நட்சத்திரம் வேறு.

"என்னங்க பண்ணினீங்க?" என்றாள் அக்கா.

"சுத்தம் பண்ணினேன். மண்டையில சொட்டை, அலகுல கறை, மூஞ்சியெல்லாம் சகதி. ரெண்டு நாளும்மா, கண்ணே பூத்துப்போச்சு. நீ எழுந்து வந்து பார்த்தா சந்தோஷப்படுவேன்னு..."

"இடது கண்ணுக்கு மேல பயறு அளவு சொட்டை. அப்படி ஒண்ணு இருந்துச்சா?"

"சொட்டை ஒண்ணா ரெண்டா? பத்துப் பதினஞ்சு இருந்துச்சு. எந்தக் கண்ணுன்னு யாரு பார்த்தா?"

"கேமரா கார்டு? அதுல இருக்குமே?"

"அழிச்சுட்டேனே. வேலை முடிஞ்சா அழிச்சுடறதுதானே நம்ம வழக்கம்." சொல்லும்போதே அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை.

அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள்; கத்தினால் பரவாயில்லை என்று தோன்றும்படி மெதுவாகப் பேசுவாள். "அவன் இருக்கானா செத்தானான்னு சொல்ல எனக்கு இருந்த ஒரே அடையாளம் அது. அடிபட்டு, பசியில கிடந்து, அதை வாங்கியிருந்தான். நீங்க மவுஸால தேய்ச்சுட்டீங்க." பிறகு, யாரும் எதிர்பாராமல், சுவரில் மாட்டியிருந்த அவர்களுடைய கல்யாணப் படத்தைக் காட்டினாள். "உங்களுக்கு இது புதுசா? என்னையும்தான் துடைச்சீங்க."

படத்தில் மணப்பெண்ணின் இடது புருவம் வில் மாதிரி, ஒரு சிறு குறையும் இல்லாமல் இருந்தது.

"நீ ஒரு நாளும் சொல்லலையே" என்றார் டச்சப்.

"நீங்க ஒரு நாளும் கேக்கலையே. அதுல இருக்கறவ யாரோ ஒருத்தி. அழகாத்தான் இருக்கா. நான் இல்ல."

டாக்டர் பாவம், கண்ணாடி அலமாரியில் இருந்த சட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வழி சொன்னாள். குஞ்சுகள் இப்போது மரத்தை விட்டுச் சேற்றுத் திட்டில் இறங்கிக் கூட்டமாக நிற்கின்றன. இன்னும் நாலைந்து நாளில் பறந்துவிடும். நாளைக் காலை ஒரே ஒரு மணி நேரம், பறவைகளுக்குத் தொந்தரவில்லாமல் பரணிலிருந்து பார்க்கலாம். அதற்கு மேல் அவளாலும் முடியாது.

"நானும் வரேன்" என்றார் டச்சப். "ஸ்டாண்டு தூக்க ஆள் வேணும்ல."

அக்கா ஸ்டாண்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

காலையில் பரணுக்குள் மூன்று பேர் குந்தி உட்கார்ந்தார்கள். டச்சப் புதுத் தொப்பி போட்டு வந்திருந்தார். உட்கார்ந்த இரண்டாம் நிமிஷம் மேல் துணியின் கிழிசல் வழியாக ஒரு வெள்ளைச் சொட்டு தொப்பியின் நட்டநடுவில் விழுந்தது. அவர் அசையவில்லை. சற்று நேரத்தில், கிளையில் மிச்சமிருந்த ஒரு குஞ்சு எதற்கோ மிரண்டு, தின்றதைக் கக்கியது. பாதி செரித்த மீன் ஒன்று அதே கிழிசல் வழியாக வழுக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் குடியேறியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு, தண்டனை வாங்கும் பள்ளிப் பையனாட்டம் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"சிரிக்காதீங்கக்கா" என்று கிசுகிசுத்தாள் டாக்டர்.

சேற்றுத் திட்டில் முப்பதுக்கு மேல் குஞ்சுகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை, இறக்கை நுனியில் ஒரே கறுப்பு. அக்கா லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரை மணி ஓடியது. காய்ச்சல் விட்ட கண்ணில் நீர் கட்டியது. "எனக்கு வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

டச்சப் மெல்ல டாக்டரிடமிருந்து பைனாகுலரை வாங்கினார். "இடமிருந்து வலம். நிற்பவர்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டார், குரூப் போட்டோவில் துடைக்க ஆரம்பிப்பது போல. "ஒண்ணாவது, அலகு நுனி உடைஞ்சிருக்கு. ரெண்டாவது, கன்னத்துல கறை, கழுவினாலும் போகாது. மூணாவது, வலது காதுப் பக்கம் சொட்டை. நாலாவது சுத்தம்... இல்ல இல்ல, கண்ணுக்குக் கீழ கீறல்." டாக்டர் நோட்டைப் பிரித்து எழுதினாள், எழுதி மாளவில்லை. முகம் முகமாகக் குறை கண்டுபிடித்தே வயிறு வளர்த்த கண்ணல்லவா! இரண்டு நாள் மவுஸால் தேய்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் வாயால் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தேழு ஆயிற்று. மேலே கிளையில் இருந்தவை நான்கு. ஒன்று குறைந்தது. இடது கண்ணுக்கு மேலே தழும்பு யாருக்கும் இல்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிஷம். அக்கா லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

அப்போது நாணல் ஓரத்தில் ஒரு பெரிய பறவை இறங்கியது. அவ்வளவுதான், முப்பத்தேழும் கழுத்தை ஆட்டிக்கொண்டு ஓடின. எல்லாவற்றுக்கும் முன்னால் நாணலுக்குள்ளிருந்தே ஒன்று பாய்ந்து வந்தது. மற்றவற்றைவிட ஒரு கை உயரம் குறைச்சல். இரண்டு தடியன்களின் கால்களுக்கு நடுவில் நுழைந்து, ஒருவனை நெஞ்சால் இடித்துத் தள்ளி, அலகையும் தலையையும் கழுத்தில் பாதியையும் பெரிய பறவையின் தொண்டைக்குள் செலுத்திவிட்டது. பங்குக்குக் காத்திருந்து பழக்கப்படாமல், இரை வருகிற இடத்திலேயே போய் நிற்கிற பிள்ளை!

"அதோ!" டச்சப்பின் குரல் உடைந்தது. "தலையை வெளிய எடுக்கட்டும்... இடது கண்ணு, மேல, பயறு அளவு. தழும்புடி! அவன்தான்டி!"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளை ‘டி’ போட்டது அதுவே முதல் தடவை. அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, கேமரா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கடைக்குட்டி தொண்டை புடைக்க விழுங்கிவிட்டு நேராகப் பரணைப் பார்த்தது. முகம் ஒன்று. பிறகு, யாரோ சொல்லிக்கொடுத்தது போலத் திரும்பி நின்றது. இடது பக்கம் ஒன்று. இன்னும் வேண்டும் என்று அலகை ஆவென்று திறந்தது.

"சிரிடா" என்றாள் அக்கா. கன்னத்தில் நீர் வழிந்து கேமராவில் சொட்டியது. "என் தங்கமே, நல்லா சிரிடா."

டாக்டர் நோட்டில் பன்னிரண்டாம் கூட்டுக்கு நேரே எழுதியிருந்த கேள்விக்குறியை அடித்தாள். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

கடைக்குத் திரும்பியதும் டச்சப் குளிக்கக்கூடப் போகவில்லை. மீன் நாற்றத்தோடு ஸ்டூலின் மேல் ஏறிக் கல்யாணப் படத்தை இறக்கினார். அதைத் துடைத்து, சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு ஸ்டூலைத் திரைக்கு முன்னால் போட்டு விளக்கைப் போட்டார். கேமராவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, கைநீட்டி, உட்காரச் சொன்னார்.

"எனக்கு எதுக்குங்க இப்ப பாஸ்போர்ட்டு? தலைகூட வாரல" என்றாள் அக்கா. ஆனால் உட்கார்ந்தாள்.

அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவளை வெகுநேரம் பார்த்தார். கிட்டே வந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டுத் திரும்பப் போனார்.

"நிமிர்ந்து உட்காரு" என்றார். "தழும்பு தெரியணும்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் அப்படியே எடுத்தார்.