எட்டாம் நிலையில் பெரியம்மாளின் குரல்

அன்று காலை மலைமேல் காளியம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர். கோபால்சாமி, அவர் தங்கை பெரியம்மாள், மருமகள் ரேணுகாதேவி, பங்காளி வீட்டுக் காசி. ஐந்தாவதாகத் தானும் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அம்மன் ஊர்வலம் கிளம்புமுன் முதல் பாட்டு கோபால்சாமி வீட்டாருடையது. அவர் தாயார் பாடினார். அவருக்குப் பின் பெரியம்மாள். செங்கம் சந்தைக்குப் புளி கொண்டு போனால்கூட, “பாட்டுக்கார வூட்டு ஆளுங்களா?” என்று கேட்பார்கள். கேட்டதும் கோபால்சாமியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

இந்த ஆண்டு பெரியம்மாளின் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பாடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சவுண்டு சர்வீஸ் நடத்தும் ரேணுகாதேவி போன திருவிழாவில் அத்தையின் பாட்டைப் பதிவு செய்திருந்தாள். அதையே ஒலிபெருக்கியில் போடலாம் என்று ஊர் ஒப்புக்கொண்டது. காசிதான் குறுக்கே வந்தான். கம்ப்யூட்டரில் இடம் மிச்சம் பிடிக்கப் பதிவைச் சுருக்கி வைத்திருக்கிறாள் என்று யாரோ அவனிடம் ஓதியிருந்தார்கள்.

“முழுக் குரலா இருந்தா நான் இன்னா சொல்லப் போறேன்? பிழிஞ்ச சக்கைய அம்மனுக்குப் போடலாமாண்ணா? முதப் பாட்டு எங்க வூட்டுக்கு வரட்டும். எம் பொண்டாட்டி பாடுவா.”

“பிழியல சின்ன மாமா,” என்றாள் ரேணுகாதேவி. “சுருக்குறதுக்குப் பூஜ்ஜியத்துலேர்ந்து எட்டு வரைக்கும் நிலை இருக்குது. பூஜ்ஜியத்துல சுருக்கம் கம்மி. நான் எட்டுல வெச்சேன். கம்ப்யூட்டருக்கு வேல ஜாஸ்தி, எடம் இன்னும் கொஞ்சம் மிச்சம். பிரிச்சா அதே பாட்டு அப்பிடியே வரும்.”

பெரியம்மாள் கிசுகிசுத்தாள்: “பொடவைய எட்டா மடிச்சா நூலு கொறஞ்சிடுமாடா?”

“மடிப்புத் தழும்பு வுழுமே அக்கா!”

ரேணுகாதேவி லேப்டாப்பைத் திறந்தாள். “இது பூஜ்ஜியம்,” என்று ஒருமுறை போட்டாள். “இது எட்டு,” என்று மறுமுறை போட்டாள்.

“பாத்தீங்களா!” காசி துள்ளினான். “ரெண்டாவது சப்புன்னு கீது. அக்கா குரல்ல அடிக்கனமே இல்ல.”

கோபால்சாமிக்கும் இரண்டாவது சப்பென்றுதான் இருந்தது. தங்கை அடிவயிற்றிலிருந்து எடுக்கும் குரல் மேலோட்டமாய்ப் போய்விட்டதுபோல் பட்டது. சொன்னால் முதல் பாட்டு கைவிட்டுப் போகும். சொல்லாமல் மழுப்பினால், மழுப்பிய வீடு என்ற பெயர் வரும். இரண்டில் எது பெரிய இழப்பு என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“சூடம் ஏத்தும்மா,” என்றார். “சூடம் அணைச்சுச் சொல்றதுதான் நம்ம வழியில சாட்சி. மத்ததெல்லாம் வாய்ப்பேச்சு. எது எதுன்னு பேர் சொல்லாத. திரைய மூடு.”

லேப்டாப்பின் மேல் காசியின் துண்டு விழுந்தது. பெயர் சொல்லாமல் பாட்டு மாறி மாறி ஒலித்தது. கோபால்சாமி கண்ணை மூடிக்கொண்டார். முதலில் வந்ததில் குரலின் அடிக்கனத்தைத் தேடினார், இருந்தது. அடுத்ததில் தேடினார், அதிலும் இருந்தது. தாயாரிடமிருந்து வந்த அந்த இழுப்பு, வரி முடியும் இடத்தில் விடும் மூச்சு, எல்லாமே இரண்டிலும் இருந்தன. திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார்.

“எனக்கு வித்தியாசம் தெரியல. மொதல்ல போட்டப்ப ரெண்டாவது மட்டம்னு எனக்கும் தோணிச்சு. அதையும் சொல்லிப்புட்டேன்.”

“உங்க வூட்டுப் பாட்டு, வேற எப்படிச் சொல்லுவீங்க?” என்றான் காசி.

“இப்ப உன் மொற.”

புதுச் சூடம் எரிந்தது. பாட்டு மாறி மாறி வந்தது. காசி “இதுதான் எட்டு” என்று கையை நீட்டினான். தீக்கு மேலே கை நின்றது. “இன்னொரு தபா போடும்மா.” மறுபடி நீட்டினான், மறுபடி நின்றது. பெரியம்மாள் சத்தமில்லாமல் சிரித்தாள். “அக்கா, சிரிக்காத! சூடம்னா வெளையாட்டா?” என்று எரிந்து விழுந்தவன், கடைசியில் படக்கென்று அணைத்தான். “தெரியல. போதுமா?”

“அப்ப மொதல்ல மட்டும் எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார் கோபால்சாமி.

ரேணுகாதேவி துண்டை எடுத்தாள். “அப்ப நான் பேர மாத்திச் சொன்னேன் மாமா. எட்டுன்னு சொன்னது பூஜ்ஜியம். ரெண்டு பேரும் சப்புன்னு இருக்குன்னது அதைத்தான்.”

“கோயில் வாசல்ல பொய் சொல்லலாமா?”

“அப்ப சூடம் ஏத்தலியே மாமா.”

கோபால்சாமி மருமகளை உற்றுப் பார்த்தார். காசியின் பக்கம் திரும்பி, “கேட்டியாடா? எங்க வூட்டு மருமக!” என்றார். அவர் அவளைப் பிறர் முன் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. காசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “போடுங்க, போடுங்க. எட்டுலயே போடுங்க,” என்றான்.

அம்மன் கிளம்பியபோது பெரியம்மாளின் குரல் எட்டாம் நிலையிலிருந்து பிரிந்து மலையெங்கும் கேட்டது. கோபால்சாமி பந்தக்காலை ஒட்டி நிமிர்ந்து நின்றார்.

சந்தவாசல் பக்கம் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. கோபால்சாமிக்குக் காது மந்தம், அதனால்தான் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று. அது பொய். அவர் காதில் ஒரு குறையும் இல்லை. கேட்பதற்கு வித்தியாசம் இல்லை.