பின் சீட்டின் எடை

வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று சித்தூரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவனும் நான்தான். கல்யாணமான கையோடு ஏலப்பாறைக்குப் போய், கந்தப்பன் என்கிற எஸ்டேட் மேஸ்திரியிடம் பழைய பைக் ஒன்றை வாங்கினேன். தலை ஆடி விருந்துக்கு யோகப்பிரியாவைப் பின்னால் உட்காரவைத்து வேலந்தாவளத்தில் மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். புது மாப்பிள்ளை பைக்கிலும் பெண் பஸ்ஸிலுமாகப் போனால், அந்த ஊர்ச் சனத்தின் வாயை மூட உலைமூடி போதாது.

எஞ்சினுக்குக் காது கொடுத்தேன், டயரை உதைத்தேன், பெட்ரோலைக்கூட மோந்து பார்த்தேன். கந்தப்பன், "ஒத்தையாப் போங்க தம்பி, சொகமாப் போவும்" என்றார். வண்டியைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தூர் வரை பறந்து வந்தது. மறுநாள் யோகப்பிரியா ஏறி உட்கார்ந்தாள், பொசுக்கென்று அணைந்தது. இறங்கினாள், கிளம்பியது. மறுபடி ஏறினாள், மறுபடி அணைந்தது. தெருவே பார்க்கிறது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல இந்த வாய் வருமா?

"ஏம்புள்ள, ஒடம்பக் கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

முந்தின நாள் வரும் வழியில் ஐம்பது கிலோ புண்ணாக்கு மூட்டையை டேங்க் மேல் வைத்து நான் ஓட்டிவந்ததை அவள் நினைவுபடுத்தினாள். மூட்டை ஆடாது, நீ ஆடுகிறாய் என்றேன். என் நாக்கில் சனி. அதன் பிறகு அவள் வண்டிப் பேச்சே எடுக்கவில்லை. எங்கே போனாலும் பஸ்ஸில் போனாள், ராத்திரி ஒரு டம்ளர் மோரோடு படுத்தாள். நான் பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், கந்தப்பனைத் திட்டினேன்.

விருந்துக்கு முதல் நாள் மழையில் சீட் ஊறிவிட்டது. காயவைக்கக் கழற்றினால், பின் சீட்டுக்கு அடியில் ஒரு காலிங் பெல் சுவிட்ச்! அமுக்கினால் எஞ்சின் அணைகிறது. கந்தப்பனுக்கு போன் போட்டேன். அவர் மகன் பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் விழுந்தானாம். இனி எவனையும் ஏற்றக்கூடாது என்று இவரே வைத்த சுவிட்சாம். அதான் ஒத்தையாப் போங்கன்னு சொன்னேனே என்றார்.

வயரைப் பிடுங்கினேன். யோகப்பிரியாவிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் என் மானம் என்னாவது?

காலையில் ஏறினாள். வண்டி ஓடியது. பின்னாலிருந்து அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக வந்தது.

"மூணு கிலோ கொறஞ்சிருக்கறனுங்க. வண்டிக்கே தெரியுது, பாருங்க."

நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

ஆடி மாதம் முழுக்கப் பெண்ணைப் பிறந்த வீட்டில் வைக்கிற வழக்கத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்? சாயங்காலமே இருவரும் திரும்புவதாகப் பேச்சு. பந்தியில் மாமியார் நாச்சம்மாள் ஒப்புட்டு, அதுதான் பருப்புப் போளி, வைக்க வந்தார். யோகப்பிரியா இலையைக் கையால் மறைத்தாள். தின்றால் போகும்போது வண்டி நின்றுவிடும் என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னாள். அவளுக்கு ஒப்புட்டு என்றால் உயிர். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சுவிட்ச் கதையைக் கொட்டிவிட்டேன். மச்சினன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அந்த சுவிட்சு அமுங்க எத்தன கிலோ வேணுமுங்க?"

"ஒரு தேங்கா வெச்சாலே போதும்" என்றேன்.

இலையிலிருந்து கையை எடுத்தாள். நெய் விட்டு நான்கு ஒப்புட்டு நிதானமாகத் தின்றாள். கை கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"வண்டி பாவமுங்க. ஆடி முடியட்டும், நான் இங்கயே இருந்துக்கறேன்."

மாமியார் கொடுத்த ஒப்புட்டுத் தூக்கைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சித்தூர் வரை வண்டி ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.